பழைய ஆசிலாஸ்கோப் வாங்கிச் சரிசெய்வது எப்படி: புதிதாக இறங்குபவர்களுக்கு

கடையில் வாங்கிய ஆசிலாஸ்கோப்பை (மின் அலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி) வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று இரவே ப்ளக்கில் சொருகினேன். திரையில் பச்சைக் கோடு வந்தது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் போயிருக்கும், உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். பின்பக்கத் துளைகள் வழியாகப் புகை வந்தது, அறை முழுக்க நெஞ்சை அடைக்கும் நாற்றம். வெடித்தது இருபது ரூபாய் கெப்பாசிட்டர் ஒன்றுதான். அது எனக்கு அப்போது தெரியாது. மறுநாள் மூடியைத் திறந்து, உள்ளே கண்ணில் பட்ட டிரிம்மர்களை, அதாவது அளவைத் திருத்துகிற சின்னத் திருகுகளை எல்லாம் ஸ்க்ரூ டிரைவரால் திருப்பிப் பார்த்தேன். கெப்பாசிட்டரை மாற்ற அரை மணி நேரம் ஆனது. நான் கலைத்துவிட்ட டிரிம்மர்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஏழு வாரம் ஆனது.

அந்த ஏழு வாரம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வரிசை இதுதான்: முதலில் மேனுவல், அப்புறம் பொருள், கடைசியாகத்தான் கரண்ட். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன்.

1. பொருளுக்கு முன்னால் மேனுவலைத் தேடுங்கள்

மேனுவல் இரண்டு வகை. 'ஆபரேட்டர் மேனுவல்' எந்தக் குமிழ் எதற்கு என்று சொல்லும், அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது 'சர்வீஸ் மேனுவல்'. அதில் சர்க்யூட் படம் இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை வோல்ட் வர வேண்டும், அலை எப்படித் தெரிய வேண்டும், எந்தப் பாகத்தின் எண் என்ன என்பதெல்லாம் இருக்கும். சர்வீஸ் மேனுவல் கிடைக்காத கருவி எவ்வளவு மலிவாக வந்தாலும் முதல் கருவியாக அதை வாங்காதீர்கள்.

டெக்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கருவிகளுக்கு டெக்விக்கி என்ற தளத்தில் ஏறக்குறைய எல்லாமே இருக்கிறது. பழைய எச்பி கருவிகளின் மேனுவல்கள் பலவற்றை, அந்தத் தொழிலை இப்போது நடத்தும் கீசைட் தன் தளத்திலேயே வைத்திருக்கிறது. மற்ற கம்பெனிகளுக்கு 'பாமா' என்ற மேனுவல் காப்பகத்தைப் பாருங்கள். மூன்றிலும் பணம் கட்டத் தேவையில்லை. இறக்கியதும் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். ஒன்று, மடித்து வைக்கும் பெரிய சர்க்யூட் பக்கங்கள் முழுசாக ஸ்கேன் ஆகியிருக்கின்றனவா. பாதிப் பக்கம் மட்டும் இருக்கிற ஸ்கேன்கள் நிறையச் சுற்றுகின்றன. இரண்டு, சீரியல் எண். ஒரே மாடலில் பல தடவை சர்க்யூட்டை மாற்றியிருப்பார்கள். எந்த எண்ணிலிருந்து எந்தப் படம் என்று மேனுவலிலேயே இருக்கும். சர்க்யூட் பக்கங்களை மட்டும் ஏ3 தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடையில் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். சால்டரிங் அயர்ன் கையில் இருக்கும்போது போன் திரையில் சர்க்யூட்டைத் தேடுவது நடக்கிற காரியம் இல்லை.

முதல் கருவியாக எது? 20 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல் (ஒரே நேரத்தில் இரண்டு அலை பார்க்கலாம்), டிரான்சிஸ்டரில் ஓடுகிற அனலாக் ஸ்கோப். நம் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி லேப்களில் ஹாமெக் எச்எம்203 குடும்பத்து ஸ்கோப்புகள் ஏராளம். இந்தூரில் இருக்கும் சயன்டிஃபிக் என்ற கம்பெனியின் பெயரில் வந்தவையும் அதே வழியில் வந்தவைதான். உள்ளே இருப்பவை பெரும்பாலும் இன்றைக்கும் கடையில் கிடைக்கிற பாகங்கள். கொஞ்சம் பழகிய பிறகு டெக்ட்ரானிக்ஸ் 2215 (60 மெகாஹெர்ட்ஸ்) அல்லது 465 (100 மெகாஹெர்ட்ஸ்). 465-இன் மேனுவல் சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பாடம் மாதிரி விளக்கும். ஸ்கோப் கைக்கு வராவிட்டாலும் அதை ஒருமுறை படிக்கலாம்.

வால்வு காலத்துப் பெரிய ஸ்கோப்புகளின் அழகில் மயங்கி அங்கே ஆரம்பிக்க வேண்டாம். முப்பது கிலோவைத் தொடும். டெக்ட்ரானிக்ஸின் அந்தக் காலத்து மாடல்களில் பாகங்களைப் பீங்கான் பட்டைகளில் பற்றவைத்திருப்பார்கள். வெள்ளி கலந்த சால்டர் இல்லாமல் கைவைத்தால் பட்டையில் இருக்கும் பூச்சு உரிந்து வந்துவிடும். 2465 மாதிரி மாடல்களில் அந்தக் கம்பெனி தனக்கென்றே செய்துகொண்ட ஐசிக்கள் இருக்கும். அதில் ஒன்று போனால், இன்னொரு செத்த ஸ்கோப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

2. எங்கே வாங்குவது, என்ன காகிதம் வேண்டும்

சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும். பெங்களூரு போகிறவர்களுக்கு எஸ்.பி. ரோடு. ஆனால் தெருவைப் பார்த்த கடைகளில் பழைய கருவி இருக்காது. மாடியிலும் சந்துக்குள்ளும் இருக்கிற பழுது பார்க்கும் கடைகளில் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வாரநாளில் காலை பதினொரு மணி வாக்கில் போனால் கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும்.

நான் பார்த்த விலைகள்: ஓடாத 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் 1,500 முதல் 3,000 ரூபாய், ஓடுவது 5,000 முதல் 9,000, ஓடுகிற 465 பத்தாயிரத்துக்கு மேல். முதல் கருவியை ஓடுகிற நிலையில் வாங்குங்கள். சரியான ஸ்கோப் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்காமல் கெட்டதைச் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம்.

கல்லூரிகளும் அரசு நிறுவனங்களும் 'கண்டம்' செய்த, அதாவது இனி உதவாது என்று ஒதுக்கிய லேப் பொருட்களை டெண்டரிலோ ஏலத்திலோ விடுவார்கள். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களின் ஏலங்கள் பல எம்எஸ்டிசி என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இணையத் தளத்தில் நடக்கின்றன. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தனி ஆளுக்கு இதில் மூன்று தடைகள். முதலாவது, ஒரு ஸ்கோப் மட்டும் தரமாட்டார்கள். நாற்பது கருவி, இருபது மேஜை, உடைந்த ஏசி எல்லாம் சேர்ந்த ஒரே லாட்டாகத்தான் போகும். இரண்டாவது, முன்வைப்புத் தொகை, பான், ஆதார் நகல், விலைக்கு மேல் ஜிஎஸ்டி, ஸ்கிராப் என்று பில் போட்டால் அதற்கு மேல் டிசிஎஸ் (விற்பவர் பிடித்துக் கட்டும் வருமான வரி), குறிப்பிட்ட நாளுக்குள் எடுக்காவிட்டால் அபராதம். மூன்றாவதுதான் பெரிய தடை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, பெரிய நிறுவனங்கள் தங்கள் மின்கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர், புதுப்பிப்பாளர் போன்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். 'மின்கழிவு' என்று தலைப்பிட்ட லாட்டுக்கு நீங்கள் விலை கேட்கவே முடியாது. நிபந்தனைப் பக்கத்தைக் கடைசி வரி வரை படிக்காமல் பதிவுக் கட்டணம் கட்டிவிடாதீர்கள். நான் ஒருமுறை கட்டிவிட்டு, பிறகு படித்தேன்.

எனக்குப் பலன் கொடுத்த வழி வேறு. லாட்டை எடுக்கிற, பதிவு உள்ள வியாபாரி யார் என்று விசாரித்து, முன்கூட்டியே அவரிடம் போய், "திரையும் குமிழும் இருக்கிற மாதிரி ஏதாவது வந்தால் உடைக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்கண்ணே" என்று சொல்லி வைப்பது. அவர்களுக்கு அது எடைக் கணக்கு. எடைக்குக் கிடைப்பதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் சந்தோஷமாகத் தருவார்கள்.

எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள். அதில் மாடலும் சீரியல் எண்ணும் இருக்கட்டும். கருவியில் ஒரு நிறுவனத்தின் சொத்து எண் ஸ்டிக்கரோ பெயின்ட் எழுத்தோ இருந்தால், அது முறையாக வெளியே வந்ததற்கான ஏலத் தாளோ கேட் பாஸ் நகலோ இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள். திருட்டுப் பொருளை வாங்கியவர் என்ற நிலைக்கு ஆளாகும் அளவுக்கு எந்த ஸ்கோப்பும் உயர்ந்ததில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதை முதல் வருடம் மறந்துவிடுங்கள். பத்து கிலோ கண்ணாடிக் குழாய்ப் பெட்டிக்கான கூரியர் கட்டணமே பொருளின் விலையைத் தாண்டும். சுங்க வரி பொருளுக்கு மட்டுமல்ல, பொருளும் கூரியரும் சேர்ந்த தொகைக்கு.

3. கடையில் பார்க்க வேண்டியவை

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு புரோப் (அலையை ஸ்கோப்புக்குக் கொண்டுவரும் முனையுள்ள ஒயர்), ஸ்கோப்பின் முன்பக்க சாக்கெட்டில் மாட்டும் ஒரு பிஎன்சி கேபிள், மல்டிமீட்டர், சின்ன டார்ச்.

முதலில் பின்பக்கம். 115, 230 என்று வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் எதில் இருக்கிறது? அமெரிக்காவிலிருந்து வந்த கருவி 115-இல் இருக்கும். அப்படியே நம் 230-இல் சொருகினால் அன்றோடு முடிந்தது. ஃபியூஸ் ஹோல்டரைத் திறந்து பாருங்கள். உள்ளே ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றியிருந்தால் யாரோ ஒரு ஷார்ட்டை மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். பவர் கார்டில் எர்த் பின் வெட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு மூக்கை வென்ட் துளைக்குப் பக்கத்தில் கொண்டு போங்கள். வார்னிஷ் கருகின வாசனை வந்தால் டிரான்ஸ்பார்மர் சூடாகியிருக்கிறது. டிரான்ஸ்பார்மர் போனது என்றால் அந்தக் கருவி உதிரிபாகத்துக்கு மட்டுமே ஆகும்.

அடுத்து, அணைத்த நிலையிலேயே எல்லாக் குமிழையும் ஒரு சுற்று திருப்புங்கள். அழுத்துகிற பட்டன்கள் அழுத்தி நிற்கின்றனவா? குமிழ் உடைந்திருந்தால் பரவாயில்லை, உள்ளே அச்சு உடைந்திருந்தால் வேண்டாம். டார்ச்சைச் சாய்த்துத் திரையில் அடித்துப் பாருங்கள். நடுவில் கிடைக்கோடாகப் பழுப்புத் தழும்பு இருந்தால், வருடக்கணக்கில் ஒரே இடத்தில் ஒளி நின்று, திரையின் உள்பக்கம் ஒளிரும் பாஸ்பர் பூச்சு எரிந்திருக்கிறது. திரைக்குழாய்க்கு மாற்று கிடைக்காது. இந்தப் பட்டியலில் வேறு எதை விட்டாலும் குழாயை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இனி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிரைட்னஸ் முழுக்க ஏற்றினால்தான் கோடு தெரிகிறது என்றால் குழாய் தேய்ந்துவிட்டது. ஃபோகஸில் கோடு ஊசி மாதிரி வர வேண்டும். முன்பக்கத்தில் சதுர அலை தருகிற சின்ன முனை ஒன்று இருக்கும். அதில் புரோப்பைக் கொக்கி போட்டு இரண்டு சேனலையும் தனித்தனியாகப் பாருங்கள். வோல்ட் குமிழின் ஒவ்வொரு படியிலும் அலை உரிய அளவில் மாறுகிறதா? டைம் குமிழின் ஒவ்வொரு படியிலும்? சில படிகளில் மட்டும் அலை குதித்தால் அழுக்குதான், சுத்தம் செய்தால் சரியாகும். ஒரு சேனலே வரவில்லை என்றால் பேரம் பேசக் காரணம் கிடைத்தது. கோடே வரவில்லை, ஆனால் விளக்கு எரிகிறது என்றால், உயர் அழுத்தப் பகுதி போயிருக்கலாம். முதல் கருவிக்கு அது வேண்டாம்.

இதெல்லாம் முடிந்து இருபது நிமிடம் ஓடவிடுங்கள். கடைக்காரர் "எல்லாம் ஓகே சார்" என்று அணைக்கப் பார்ப்பார். "டீ குடிச்சிட்டு வரேன், ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். சூடானதும் நகரும் கோடு, சுருங்கும் படம், மெல்லிய புகை எல்லாம் அப்போதுதான் தெரியும். என் முதல் ஸ்கோப்புக்கு நான் இரண்டு நிமிடம்தான் கொடுத்தேன்.

4. வீட்டுக்குக் கொண்டுவருவது

பைக் கேரியரில் கட்டாதீர்கள். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பார்சலில் வருவதானால் குமிழ்ப் பக்கத்துக்கு மட்டும் நான்கு விரல்கடை தெர்மோகோல் வைக்கச் சொல்லி, பெட்டிக்குள் இன்னொரு பெட்டி போடச் சொல்லுங்கள். வந்த பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுப்பது பின்னால் உதவும்.

5. மேஜைக்கு என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

நல்ல மல்டிமீட்டர் 2,000 ரூபாய். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சால்டரிங் ஸ்டேஷன் 2,500. அது முடியாவிட்டால் 25 வாட் சால்ட்ரான் அயர்னே போதும், நான் ஒரு வருடம் அதில்தான் ஓட்டினேன். டீசால்டர் பம்ப், சால்டரை உறிஞ்சும் செம்பு வலை, 60/40 சால்டர் சேர்த்து ஆயிரத்துக்குள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு லிட்டர் 400. சீனத்தில் செய்த சின்ன காம்பொனன்ட் டெஸ்டர் 700. புரோப் இரண்டு 1,200. ஆக மொத்தம் ஏறக்குறைய எட்டாயிரம் ரூபாய். ஸ்கோப்பின் விலையோடு இதையும் சேர்த்துத்தான் முதல் மாதக் கணக்குப் போட வேண்டும். பலர் ஸ்கோப்பில் எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டு மீட்டரில் மிச்சம் பிடிக்கிறார்கள். தப்பான அளவு காட்டும் மீட்டரை நம்பி நல்ல பாகத்தைக் கழற்றிப் போடுவதில்தான் அது முடியும்.

இதோடு ஒரு சீரிஸ் லேம்ப் போர்டு. கரண்ட் ஒரு பல்ப் வழியாகத்தான் கருவிக்குப் போகும், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் அதைத் தாங்கிக்கொள்ளும். எலக்ட்ரீஷியன் யாரிடம் கேட்டாலும் செய்து தருவார். ஒரு ஹோல்டர், ஒரு ப்ளக் பாயிண்ட், ஒரு சுவிட்ச், 300 ரூபாய். பல்ப் பழைய குண்டு பல்பாக இருக்க வேண்டும், எல்இடி உதவாது.

6. மூடியைத் திறக்கும் முன்

சின்ன 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பிலேயே திரைக்குழாய்க்கு 2,000 வோல்ட் போகும். பெரிய மாடல்களில் பத்தாயிரத்தைத் தாண்டும். அணைத்த பிறகும் அது உள்ளே தங்கும். ஆகவே ப்ளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களை மீட்டரில் அளந்து பார்த்து, மிச்சம் இருந்தால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டிவிடுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். குழாய்க்குப் போகும் தடித்த ஒயரில் முதல் வருடம் கையே வைக்காதீர்கள். சாதாரண மல்டிமீட்டரை அங்கே வைத்தால் மீட்டரும் போகும், உங்களுக்கும் ஆபத்து. அதற்கென்று தனி உயர் அழுத்தப் புரோப் உண்டு.

ஓடும் கருவியில் அளக்கும்போது மீட்டரின் கறுப்புக் கம்பியைக் கருவியின் கிரவுண்டில் கிளிப் போட்டுவிட்டு, சிவப்பை ஒரு கையால் மட்டும் பிடியுங்கள். இன்னொரு கை பையில் இருக்கட்டும். காலில் ரப்பர் செருப்பு. வீட்டில் வேறு யாராவது இருக்கும்போதுதான் வேலை. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) இல்லாத வீடு என்றால், ஸ்கோப் வாங்குவதற்கு முன் அதைப் போடுங்கள்.

ஸ்கோப்பின் எர்த்தைத் துண்டித்துவிட்டு மெயின்ஸ் சர்க்யூட்டை அளக்கலாம் என்று சிலர் சொல்லித் தருவார்கள். செய்யாதீர்கள், ஸ்கோப்பின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறும். இன்னொரு குழப்பம் டிம்மர்ஸ்டாட், குமிழைத் திருப்பி வோல்டேஜை மாற்றும் டிரான்ஸ்பார்மர். அது வோல்டேஜைக் குறைக்கும், ஆனால் மெயின்ஸிலிருந்து உங்களைப் பிரிக்காது. பிரிப்பது ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் மட்டும்தான். அதற்குப் பின்னால் ஆர்சிசிபி உங்களைக் காப்பாற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

7. முதல் கரண்ட்

கருவி கடையில் ஓடியிருந்தாலும் இதைச் செய்யுங்கள். ஒரு சனிக்கிழமை முழுக்க ஒதுக்குங்கள்.

மூடியைத் திறந்ததும் எதையும் தொடாமல் போட்டோ எடுங்கள். நான்கு பக்கமும், ஒவ்வொரு கனெக்டரும். பிறகு பெயின்ட் பிரஷ்ஷாலும் ப்ளோயராலும் தூசி தட்டுங்கள். இனி மெயின்ஸ் நுழையும் இடத்தைப் பாருங்கள். அங்கே மஞ்சள் கலந்த ஒளிபுகும் பிளாஸ்டிக்கில், உடம்பெல்லாம் மெல்லிய விரிசல் ஓடிய கெப்பாசிட்டர் இருந்தால், அதுதான் வெடிக்கப் போவது. பழைய ஐரோப்பிய, அமெரிக்கக் கருவிகளில் ரிஃபா என்று பெயர் போட்டு இருக்கும். உள்ளே காகிதம். விரிசல் வழியாக ஈரத்தைக் குடித்துக் குடித்து ஒருநாள் ஷார்ட் ஆகும். சென்னைக் காற்றில் அதற்கு வசதி அதிகம். யோசிக்காமல் கழற்றுங்கள். அதே மைக்ரோஃபேரட் அளவில், பழையதில் இருக்கும் அதே பாதுகாப்பு வகை (பெரும்பாலும் எக்ஸ்2) என்று அச்சிட்ட புதிய பிலிம் கெப்பாசிட்டரைப் போடுங்கள். அந்தப் பாதுகாப்பு முத்திரை இல்லாததை மெயின்ஸில் போடக் கூடாது. என் வீட்டில் வெடித்தது இந்த வகைதான்.

அடுத்து, ப்ளக் இல்லாமலேயே ஒவ்வொரு சப்ளை லைனையும் (உள்பகுதிகளுக்கு டிசி வோல்டேஜ் கொண்டுபோகும் வழி) கிரவுண்டுக்கு ஓமில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எது ஒன்று அல்லது இரண்டு ஓம் காட்டுகிறதோ அங்கே ஷார்ட். பெரும்பாலும் மொச்சைக்கொட்டை அளவு டான்டலம் கெப்பாசிட்டர் ஒன்றுதான் குற்றவாளி. 465 போன்ற எழுபதுகளின் ஸ்கோப்புகளில் இது ரொம்பச் சாதாரணம்.

சரி, இப்போது சீரிஸ் லேம்ப். ஸ்கோப்பின் பின்பக்கத் தகட்டில் எத்தனை வாட் என்று இருக்கும். அதைப் போல இரண்டு மடங்கு வாட் பல்பைப் போடுங்கள். சுவிட்சைத் தட்டியதும் பல்ப் ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்ல செய்தி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணையுங்கள், உள்ளே ஷார்ட் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: டிரான்ஸ்பார்மர் வகை சப்ளைக்குத்தான் இந்தக் கணக்கு. ஸ்விட்சிங் சப்ளை உள்ள மாடல்கள் பல்பு வழியே போதிய வோல்டேஜ் கிடைக்காமல் கிளம்பிக் கிளம்பி நிற்கும். அது பழுது என்று நினைத்துப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள்.

பல்ப் மங்கிவிட்டதா? மீட்டரை எடுத்து மேனுவலில் சொன்ன டெஸ்ட் பாயிண்டுகளில் சப்ளைகளை அளந்து பாருங்கள். 465 என்றால் மைனஸ் 8, பிளஸ் 5, 15, 55, 110. பல்பு வழியாகக் கொஞ்சம் குறைவாக வரலாம். எல்லாம் ஏறக்குறைய வந்தால் பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்து மறுபடி அளங்கள். அப்புறம் மீட்டரை ஏசியில் வைத்து அதே இடங்களில் பாருங்கள். சில மில்லிவோல்ட் இருந்தால் கவலை இல்லை. நூற்றுக்கணக்கில் இருந்தால் அந்த லைனின் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது.

8. பழுது தேடும்போது

சப்ளைகள் அத்தனையும் சரியாகும் வரை வேறு எந்தப் பகுதியையும் தொடாதீர்கள். கோடு ஓரத்தில் நிற்கிறது, ட்ரிகர் பிடிக்காமல் அலை ஓரிடத்தில் நிற்கவில்லை, அலை நெளிகிறது என்று வருகிற புகார்களில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு சப்ளையில்தான் முடிந்தன, என் மேஜையில்.

டிரிம்மர்களைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் நிலையைப் பெயின்ட் பேனாவில் கோடு போட்டுக் குறித்து, போட்டோ எடுத்து, கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல் பாருங்கள். மாற்றம் இல்லை என்றால் பழைய இடத்துக்கே.

எல்லா எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களையும் மொத்தமாக மாற்றிவிடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். வேண்டாம். அறுபது கெப்பாசிட்டர் மாற்றினால் இரண்டைப் பிளஸ் மைனஸ் தலைகீழாகப் போடுவீர்கள், நான்கு இடத்தில் தடம் பிய்ந்து வரும். அதன் பிறகு பழைய பழுது எது, நீங்கள் செய்தது எது என்று தெரியாது. கெட்டது என்று அளந்து தெரிந்ததை மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று, ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஓட்டிப் பாருங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.

குமிழ்களும் சுவிட்சுகளும் அழுக்கானால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலே பெரும்பாலும் போதும். துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை உள்ளே அடிக்காதீர்கள். எண்ணெய் தங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். டெக்ட்ரானிக்ஸ் ஸ்கோப்புகளில் குமிழுக்குப் பின்னால் தங்கம் பூசிய மெல்லிய விரல்கள் மாதிரி கான்டாக்ட் இருக்கும். காகிதத் துண்டை ஆல்கஹாலில் நனைத்து, விரலுக்கு அடியில் வைத்து மெதுவாக உருவுங்கள். உப்புத்தாள் பட்டால் தங்கம் போய்விடும்.

9. பாகம் வாங்கும்போது வரும் பொறிகள்

டான்டலம் கெப்பாசிட்டரில் பட்டை போட்ட பக்கம் பிளஸ். அலுமினிய எலக்ட்ரோலிடிக்கில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். ஒன்றைக் கழற்றி மற்றதைப் போடும்போது இதை மறந்தால் வெடிக்கும்.

எலக்ட்ரோலிடிக் வாங்கும்போது 105 டிகிரி என்று போட்டதைக் கேளுங்கள். வோல்ட் அதே அளவு அல்லது ஒரு படி மேலே. கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரான் செய்பவை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். கறுப்படித்த கால்கள் உள்ள பழைய இருப்பைத் தள்ளிவிட்டால் மட்டும் வாங்காதீர்கள்.

2என்3904 டிரான்சிஸ்டர் கேட்டால் "பிசி547 போடுங்க சார், ஒண்ணுதான்" என்பார்கள். பல இடங்களில் வேலை செய்யும், ஆனால் கால் வரிசை தலைகீழ். கால்கள் கீழே, தட்டையான பக்கம் உங்களைப் பார்க்கும்போது 2என்3904-க்கு இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547-க்குக் கலெக்டர், பேஸ், எமிட்டர். திருப்பி மாட்ட வேண்டும். சப்ளையில் வருகிற பெரிய டிரான்சிஸ்டர்களில் போலிகள் அதிகம். அவற்றை மட்டும் விலை கூடினாலும் எலிமென்ட்14 போன்ற அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்குங்கள். இருப்பு வெளிநாட்டில் இருந்தால் வர ஒன்று இரண்டு வாரம் ஆகும், ஆர்டருக்கு மேல் டெலிவரி கட்டணமும் இருக்கும். ஆகவே ஒரு பட்டியல் சேரும் வரை காத்திருந்து ஒரே தடவையாகப் போடுங்கள்.

10. அடுத்து மீட்டர் வாங்க ஆசை வந்தால்

வரும். ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். எச்பி 3478ஏ மாதிரி எண்பதுகளின் மேஜை மல்டிமீட்டர்களில் அளவைத் திருத்தும் எண்கள் ஒரு நினைவகத்தில் இருக்கின்றன. அந்த நினைவகத்தை உயிரோடு வைத்திருப்பது போர்டில் பற்றவைத்த ஒரு 3 வோல்ட் லித்தியம் பாட்டரி. அது செத்தாலோ, நீங்கள் சும்மா கழற்றினாலோ மீட்டர் தன் அளவை மறந்துவிடும். மறுபடி சொல்லித்தர, விலை உயர்ந்த கேலிப்ரேட்டர் உள்ள லேபுக்குத்தான் போக வேண்டும். ஆகவே பாட்டரியை மாற்றும் முன், இரண்டு பென்டார்ச் செல்லைத் தொடராக இணைத்து, ஒரு ஷாட்கி டையோடு வழியாக அதே முனைகளில் கிளிப் போட்டுவிட்டுப் பழையதைக் கழற்றுங்கள். அயர்ன் நன்றாகச் சூடானதும் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அயர்னைப் போர்டில் வைக்க வேண்டும். மீட்டரைக் கணினியோடு இணைக்கும் ஜிபிஐபி அடாப்டர் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் முதலில் அந்த எண்களை ஒரு கோப்பாக எடுத்து வையுங்கள்.

11. அளவு சரியா, எப்படி வைப்பது

ஸ்கோப்புக்குச் சான்றிதழோடு கேலிப்ரேஷன் தேவையில்லை. மூன்று சதவீதம் முன்னே பின்னே இருந்தால் அனலாக் ஸ்கோப்புக்கு அது சரியான அளவுதான். புதிய பாட்டரி ஒன்றை மல்டிமீட்டரில் அளந்து, அதையே ஸ்கோப்பில் டிசியில் போட்டுக் கட்டத்தை எண்ணுங்கள். நேரத்துக்கு, குவார்ட்ஸ் கிரிஸ்டல் உள்ள ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் எடுத்துப் பாருங்கள். மேஜை மீட்டர் ஒன்றை மட்டும் ஒருமுறை என்ஏபிஎல் (சோதனை லேப்களுக்கான தேசிய அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேபில் கொடுத்து வாங்கிவிட்டால் மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிடலாம். கொடுக்கும் முன், 'சரிசெய்தும் தருவீர்களா, இல்லை அளந்து மட்டும் தருவீர்களா' என்று எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் அளந்து தாள் மட்டும்தான் தருவார்கள். இரண்டுக்கும் கட்டணம் வேறு.

வைக்கும் இடம் தரையில் இருந்து உயரமாக, கடல் காற்று நேராக வராத சுவரோரம். பருத்தித் துணியால் மூடுங்கள், பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் இரண்டு முறை. அந்த மாதங்களில் பல நாள் மூடிக் கிடந்த ஸ்கோப்பை ஓட்டும் முன், மேலே ஒரு 40 வாட் குண்டு பல்பை ஒரு மணி நேரம் எரியவிட்டு உள்ளிருக்கும் ஈரத்தை விரட்டிவிட்டு, அப்புறம் சுவிட்சைப் போடுங்கள்.